உச்சியை ஊருக்குத் திறந்துவிடுங்கள்: வானளாவிய கட்டடங்களுக்கு அனுமதி தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருநகரங்களின் திட்டக் குழுக்களில் அமர்ந்து, மிக உயரமான கட்டடங்களுக்கு அனுமதி தரும் அனைவருக்கும்,

வணக்கம்.

உங்கள் மேஜைக்கு வரும் விண்ணப்பங்களில் ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும்: ‘இந்தக் கட்டடம் நகரத்தின் அடையாளமாக விளங்கும்.’ கூடவே கணினியில் வரைந்த ஒரு படம். மாலை வெளிச்சத்தில் மின்னும் கண்ணாடிக் கோபுரம், கீழே கைகோத்து நடக்கும் ஆட்கள், நிழல் தரும் மரங்கள். இந்த ஒரு வாக்கியத்தை முன்வைத்து உயர வரம்பில் தளர்வு கேட்கிறார்கள், கூடுதல் தளங்கள் கேட்கிறார்கள், பக்கத்துத் தெருக்களுக்கு விழ வேண்டிய வெயிலையும் கேட்கிறார்கள். பல நகரங்களில் கேட்டது கிடைத்தும் விடுகிறது. அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

ஒரு கட்டடம் அடையாளமாவதைக் கட்டுபவர் முன்கூட்டியே அறிவிக்க முடியாது. ஊர் அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எப்போது எடுத்துக்கொண்டது, எப்போது எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு 140 வருட வரலாறு நம் முன்னால் இருக்கிறது. அதைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது: சாதாரண மனிதர்கள் உள்ளே நுழையவும், மேலே ஏறவும், கீழே உட்காரவும் முடிந்த கட்டடங்களே பெரும்பாலும் மனதில் நின்றிருக்கின்றன. அதனால் அனுமதி தரும்போதே மூன்று விஷயங்களை நிபந்தனையாக எழுதுங்கள் என்று கேட்கிறேன். தரைத்தளம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். உச்சிக்கு எல்லோரும் போக வழி இருக்க வேண்டும். கட்டியவர்களின் பெயர்கள் அங்கேயே பொறிக்கப்பட வேண்டும்.

உச்சியிலிருந்து தொடங்குகிறேன். லிஃப்ட் வருவதற்கு முன்பு மேல்மாடிதான் மலிவான மாடி. வசதியுள்ளவர்கள் கீழ் மாடிகளில் இருந்தார்கள். ஏறி மூச்சு வாங்குவது ஏழைகளின் தலையெழுத்து. 1854ல் நியூயார்க் கண்காட்சி அரங்கில் எலிஷா ஓடிஸ் ஒரு மேடையில் ஏறி நின்று, தன்னைத் தூக்கிப் பிடித்திருந்த கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை சற்றே இறங்கி, பக்கவாட்டுப் பற்களில் மாட்டி நின்றுவிட்டது. மூன்று வருடம் கழித்து பிராட்வேயில் ஒரு ஐந்து மாடிக் கடையில் அவருடைய பயணிகள் லிஃப்ட் ஓடத் தொடங்கியது. அங்கிருந்து கணக்கு தலைகீழானது. காற்றும் வெளிச்சமும் உள்ள மேல்மாடிக்கே அதிக வாடகை. உச்சி பணக்காரர்களிடம் போனது அப்போதுதான். அதற்குப் பின்னால் இயற்கை விதி எதுவும் இல்லை. ஒரு இயந்திரம் வந்தது, சந்தை மாறியது, அவ்வளவுதான்.

லிஃப்ட் மட்டும் போதவில்லை. செங்கல் சுவரே முழு எடையையும் தாங்க வேண்டும் என்றால் உயர உயரச் சுவர் தடித்துக்கொண்டே போகும். சிகாகோவில் 1891ல் முடிந்த மொனாட்நாக் கட்டடத்தின் வடபாதி 16 மாடி. அதன் அடிச்சுவர் 1.8 மீட்டர் தடிமன். தரைத்தளத்தின் இடத்தைச் சுவரே தின்றுவிடுகிறது. அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே, 1885ல், அதே ஊரில் வில்லியம் லெ பாரன் ஜென்னி ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடத்தில் உலோகச் சட்டகத்தின் மீது எடையை ஏற்றிக் காட்டியிருந்தார். பத்து மாடி, 42 மீட்டர். இன்றைக்கு யாரும் அண்ணாந்து பார்க்காத உயரம். ஆனால் சுவர் வெறும் போர்வை ஆனது அந்த வழியில்தான். பிறகு வந்த எல்லா உயரங்களுக்கும் வழிவிட்டதும் அதுதான். அந்தக் கட்டடத்தை 1931ல் இடித்துவிட்டார்கள்.

இடித்த அதே வருடத்தில் நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய இரண்டு வருடக் கதையை உங்களுக்கு நினைவூட்ட வேண்டும், ஏனென்றால் இன்று உங்களிடம் வரும் உயரப் போட்டிகளின் தாய் அது.

1929ல் வால் ஸ்ட்ரீட்டின் 40ஆம் எண் கட்டடமும் கிரைஸ்லர் கட்டடமும் உலகின் உயரமான கட்டடம் என்ற பட்டத்துக்காக மோதிக்கொண்டன. கிரைஸ்லரை வரைந்த வில்லியம் வான் ஆலன் 56 மீட்டர் நீளமான ஒரு எஃகுக் கூர்முனையைத் துண்டு துண்டாக மேலே கொண்டுபோய், கட்டடத்தின் உள்ளேயே மறைத்து வைத்திருந்தார். 1929 அக்டோபர் 23 அன்று சுமார் ஒன்றரை மணி நேரத்தில் அது வெளியே எழும்பி நின்றது. உயரம் 319 மீட்டர் ஆனது. மறுநாள் வியாழக்கிழமை, பங்குச் சந்தை சரியத் தொடங்கிய நாள். உலகத்திலேயே உயரமான மனிதக் கட்டுமானம் ஒன்று முளைத்த செய்தியைக் கேட்க அந்த வாரம் யாருக்கும் மனநிலை இல்லை. பட்டமும் ஒரு வருடம் நிற்கவில்லை. 1930 மே மாதம் திறந்த கட்டடத்தை 1931 மே 1ஆம் தேதி 381 மீட்டர் எம்பயர் ஸ்டேட் தாண்டிவிட்டது.

எம்பயர் ஸ்டேட்டை 410 நாளில் கட்டி முடித்தார்கள். வேலை உச்சத்தில் இருந்த நாட்களில் 3,400 பேர் வரை அங்கே உழைத்தார்கள். ஆனால் திறந்தபோது பெரும் பொருளாதார மந்தம். அலுவலக மாடிகள் காலி. ஊர் அதைக் ‘காலிக் கட்டடம்’ என்று பெயர் மாற்றியே கூப்பிட்டது. உரிமையாளர்கள் லாபம் பார்க்க ஏறக்குறைய இருபது வருடம் ஆனது. அந்தக் காலத்தில் கட்டடத்தைத் தாங்கிப் பிடித்தது எது? பார்வை மாடம். திறந்த முதல் வருடத்தில் மேலே ஏறிப் பார்க்க வந்தவர்கள் கொடுத்த சீட்டுப் பணம், மொத்த வாடகை வருமானத்துக்கு ஏறக்குறைய ஈடாக இருந்தது. வேலை இல்லாமல் திண்டாடிய காலத்தில் மக்கள் ஒரு டாலர் கொடுத்து மேலே போய்த் தங்கள் ஊரைப் பார்த்தார்கள். தான் வசிக்கும் தெருவைக் குழந்தைக்குச் சுட்டிக் காட்டினார்கள். எம்பயர் ஸ்டேட் அடையாளமானதில் 381 மீட்டருக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1970ல் உலக வர்த்தக மையக் கோபுரம் ஒன்று அதைத் தாண்டிய பிறகும் அதன் மதிப்பு ஒரு அங்குலம்கூடக் குறையவில்லையே, அதை உயரத்தால் விளக்க முடியாது. அதன் பார்வை மாடம் இன்றுவரை திறந்திருக்கிறது.

கிரைஸ்லரை வைத்து என்னிடம் எதிர்வாதம் செய்யலாம். அதன் 71ஆம் மாடிப் பார்வை மாடத்தை 1945லேயே மூடிவிட்டார்கள். ஆனாலும் அந்தக் கட்டடத்தின் மீது உலகத்துக்கே பிரியம். உண்மை. வெயில் படும்போது அந்த எஃகு மகுடத்தில் ஒளி அடுக்கடுக்காக ஏறுவதைத் தெருவில் நிற்பவர் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். அதன் வரவேற்புக் கூடத்துக்குள் நுழைந்து கூரை ஓவியத்தையும் பார்த்துவிட்டு வரலாம். ஆக, மேலே விடாவிட்டாலும் தெருவுக்கு அது நிறையவே கொடுக்கிறது. அப்படி ஒரு மகுடத்தை எல்லாக் கட்டடக் கலைஞர்களிடமும் எதிர்பார்க்க முடியாது. நிபந்தனையை யாரிடமும் எழுதி வாங்கலாம். மேதைமையை அப்படி வாங்க முடியாது.

அந்தக் கூர்முனைத் தந்திரம் அதோடு முடியவில்லை. 1996ல் கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் 452 மீட்டர் என்று கணக்கிடப்பட்டு, சிகாகோவின் 442 மீட்டர் சியர்ஸ் கோபுரத்திடமிருந்து பட்டத்தைப் பெற்றது. மனிதர்கள் புழங்கும் மேல் தளத்தைப் பார்த்தால் சியர்ஸ்தான் உயரம். கூர்முனை கட்டடத்தின் பகுதி, ஆன்டெனா பகுதி அல்ல என்பது விதி. அதனால் அப்படி ஆனது. புர்ஜ் கலீஃபாவின் 828 மீட்டரில் மேல் 244 மீட்டரில் மனிதர் புழங்கும் தளமே கிடையாது. அந்த வெறும் முனையைத் தனியாக எடுத்து நட்டாலே ஒரு பெரிய வானளாவிய கட்டடத்தின் உயரம் வரும். நான் புர்ஜ் கலீஃபாவைக் குறை சொல்ல வரவில்லை. மூன்று இறக்கைகள் நடுத்தண்டுக்கு முட்டுக் கொடுக்கும் அதன் அமைப்பு, காற்றைக் குழப்புவதற்காக ஏற ஏற மாறும் அதன் வடிவம், இரண்டும் பொறியியலின் பெரிய சாதனைகள். உங்களிடம் கேட்பது வேறு. உயரத்தின் பெயரால் சலுகை கேட்டு வரும் விண்ணப்பத்தில், மனிதர்கள் போய் நிற்கக்கூடிய உயரம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். மிச்சத்துக்குச் சலுகை தராதீர்கள்.

வடிவத்தாலும் உயரத்தாலும் அடையாளத்தைத் திணிக்கப் பார்த்தவர்களின் கதை இன்னும் கனமானது. மாஸ்கோவில் 1931 டிசம்பரில் மீட்பர் கிறிஸ்து பேராலயத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் 415 மீட்டர் உயரத்தில் சோவியத் மாளிகை எழ வேண்டும், அதன் தலையில் 100 மீட்டர் லெனின் சிலை நிற்க வேண்டும் என்பது திட்டம். அடித்தளம் போட்டார்கள், எஃகுச் சட்டகம் எழும்பத் தொடங்கியது, போர் வந்தது. எஃகைப் பிரித்துப் போருக்கு எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சிய பெரும் பள்ளத்தில் 1960ல் திறந்தவெளி நீச்சல்குளம் ஒன்று வந்தது. வெந்நீர்க் குளம், பனி கொட்டும் நாட்களிலும் ஆவிக்கு நடுவே ஜனங்கள் நீந்தினார்கள். 1990களில் குளத்தையும் மூடி, பேராலயத்தைத் திரும்பக் கட்டினார்கள். உலகத்துக்குத் தன் பலத்தைக் காட்ட ஒரு அரசு தேர்ந்தெடுத்த இடத்தில், மக்கள் நிஜமாகவே புழங்கியது அந்தக் குளத்தில்தான்.

இதற்கு நேர் எதிரான கதை போலந்தின் தலைநகர் வார்சாவில் நடந்தது. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகப் பிடித்த பகுதி இது. 1955ல் சோவியத் ஒன்றியத்தின் பரிசு என்ற பெயரில், கூர்முனையோடு 237 மீட்டர் உயரமான பண்பாடு மற்றும் அறிவியல் மாளிகை அங்கே முடிந்தது. போரில் தரைமட்டமான நகரம். ஜனங்களுக்கு வீடில்லை. நடுவில், கேட்காத பரிசாக, ஸ்டாலின் பெயர் தாங்கிய கோபுரம். அதை வெறுக்க எல்லாக் காரணமும் இருந்தது, வெறுத்தார்கள். 1989ல் ஆட்சி மாறிய பிறகு இடித்துவிடலாம் என்ற பேச்சு பலமுறை எழுந்தது. ஆனால் அதற்குள் அந்தக் கட்டடத்தில் நாடக அரங்குகள் இருந்தன, திரையரங்கு இருந்தது, அருங்காட்சியகங்கள் இருந்தன, இளைஞர் மாளிகையில் நீச்சல்குளம் இருந்தது, 30ஆம் மாடியில் ஊரைச் சுற்றிப் பார்க்க மாடம் இருந்தது. குழந்தையாக நீச்சல் கற்றவர்கள் தங்கள் குழந்தைகளை அதே குளத்துக்கு அழைத்து வந்தார்கள். யார் எந்த நோக்கத்தில் கட்டினாரோ அது வெளிறிப்போய், புழங்கியவர்களின் நினைவு அதன் மேல் படிந்துவிட்டது. 2007ல் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள். எதிர்ப்பும் இருந்தது, அந்தக் காயம் பொய்யல்ல. ஆனால் மாளிகை இன்றும் நிற்கிறது. அதைவிட உயரமான கண்ணாடிக் கோபுரம் ஒன்று 2022ல் அதே நகரத்தில் முடிந்தது. வார்சாவின் படம் என்றால் இன்னமும் பழைய மாளிகைதான்.

உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களும் பிறந்தபோது யாருக்கும் பிடிக்கவில்லை. அந்த இடத்தில் இருந்த வானொலிக் கடைத் தெருவை அப்படியே காலி செய்து கட்டியவை அவை. கடைக்காரர்கள் வழக்குப் போட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. விமர்சகர்கள் அழகற்ற பெட்டிகள் என்றார்கள். 1974 ஆகஸ்ட் 7 காலையில் ஃபிலிப் பெத்தி என்ற பிரெஞ்சுக் கலைஞர் இரண்டு உச்சிகளுக்கும் நடுவே, யாருக்கும் தெரியாமல் இரவோடு இரவாகக் கட்டிய கம்பியில், 400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் முக்கால் மணி நேரம் போலக் குறுக்கும் நெடுக்கும் நடந்தார், மண்டியிட்டார், படுத்தார். கீழே கூட்டம் நின்று பார்த்தது. வழக்கைக் கைவிட்டு, பூங்காவில் குழந்தைகளுக்கு இலவசமாக ஒரு நிகழ்ச்சி நடத்தச் சொன்னார்கள். அந்தக் கோபுரங்கள் மீது ஊருக்கு முதல்முறையாகப் பாசம் வந்தது அந்தக் காலையில் என்று சொல்பவர்கள் பலர். 2001 செப்டம்பர் 11ஐப் பற்றி நான் நீட்டி எழுத வேண்டியதில்லை. ஒன்று மட்டும். அந்த இடத்தில் பிறகு எழுந்த கோபுரம் 541 மீட்டர். அமெரிக்கா விடுதலையை அறிவித்த ஆண்டைக் குறிக்கும்படி சரியாக 1,776 அடி. எண்ணைத் தேடி அமைத்த உயரம். வருபவர்கள் மனம் உடைந்து நிற்பது அந்த எண்ணின் முன்னால் அல்ல. பழைய கோபுரங்கள் நின்ற இரண்டு சதுரங்களில் இப்போது நீர் விழும் குளங்கள் இருக்கின்றன. குளங்களைச் சுற்றியுள்ள வெண்கல விளிம்பில் 2,983 பெயர்கள் எழுத்து எழுத்தாக வெட்டப்பட்டிருக்கின்றன. இறந்தவரின் பிறந்தநாள் அன்று அவர் பெயரின் வெட்டுக்குள் ஒரு வெள்ளை ரோஜாவைச் செருகி வைக்கிறார்கள். விரலால் தடவிப் பார்க்க முடிகிற இடத்தில் பெயர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அங்கே பார்க்கலாம். பெயர்ப் பலகை கேட்கிறேன் என்றேனே, அந்த யோசனையின் வேர் இதுதான்.

சரி, தரைத்தளத்துக்கு வருகிறேன்.

ஹாங்காங்கில் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1985ல் முடிந்த எச்எஸ்பிசி வங்கித் தலைமையகத்தின் கீழே முழுத் தரையையும் நடைபாதையாகத் திறந்துவிட்டார்கள். வங்கி மேலே தொங்குகிறது. அடியில் யாரும் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகலாம். உலகின் மிக விலை உயர்ந்த நிலங்களில் ஒன்று அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போனால், வீட்டுவேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்கள் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்து வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். செருப்புகள் அட்டையின் ஓரத்தில் ஒழுங்காக அடுக்கியிருக்கும். சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்வார்கள், ஒருவருக்கொருவர் தலை பின்னிவிடுவார்கள், சீட்டு விளையாடுவார்கள், வீட்டாரோடு பேசுவார்கள். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் வீட்டில் இருப்பவர்களுக்கு வெயிலும் மழையும் படாத ஒரு கூரை அது. கட்டடக் கலைஞர் இவர்களை நினைத்து வரைந்தாரா என்பது முக்கியமில்லை. தரை திறந்திருந்தது, தேவை உள்ளவர்கள் வந்தார்கள். அந்த வங்கியின் 179 மீட்டரை இன்று சுற்றியுள்ள பல கட்டடங்கள் விழுங்கிவிட்டன. ஹாங்காங்கைப் பற்றிப் பேசும்போது அதன் அடித்தரையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடிவதில்லை.

நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் மையத்திலும் இப்படித்தான். உலகம் முழுக்கத் தெரிந்த அதன் கிறிஸ்துமஸ் மரத்தை முதலில் வைத்தவர்கள் அங்கே வேலை செய்த கட்டடத் தொழிலாளிகள். 1931 டிசம்பர், மந்தத்தின் நடுவில், தங்களுக்குள் காசு சேர்த்து ஆறு மீட்டர் உயரமான ஒரு மரத்தை வாங்கிச் சேற்றுத் தரையில் நட்டார்கள். வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் செய்து கொடுத்த மாலைகளை அதில் சுற்றினார்கள். நிர்வாகம் மரம் வைக்கும் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டது பிறகுதான். விளம்பரத்துக்கு எவ்வளவோ செலவழித்த ஒரு வளாகத்துக்கு, அதன் மிகப் பெரிய அடையாளத்தைக் கூலிக்கு வந்தவர்கள் இலவசமாகக் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, இந்த நிபந்தனைகளைப் போட எங்களுக்கு என்ன உரிமை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நிலம் அவருடையது, பணம் அவருடையது. ஆனால் வெளிச்சம் அவருடையது இல்லை. 1915ல் நியூயார்க்கில் ஈக்விடபிள் கட்டடம் 38 மாடிக்குச் செங்குத்தாக, தன் மனையின் விளிம்பு வரை நிறைத்து எழுந்தது. நண்பகலில் அதன் நிழல் ஏழு ஏக்கர் வரை விழுந்தது. சுற்றியிருந்த கட்டடங்கள் இருட்டுக்குள் போயின. மறு வருடமே, 1916ல், உயர உயரக் கட்டடம் உள்வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. எம்பயர் ஸ்டேட்டும் கிரைஸ்லரும் படிப்படியாகச் சுருங்கி ஏறுவது அந்தச் சட்டத்தின் விளைவு. அதாவது நாம் அழகு என்று கொண்டாடும் அந்த வடிவமே ஒரு திட்டக் குழு போட்ட நிபந்தனையிலிருந்து பிறந்தது. உங்கள் பேனாவின் பலத்தை நீங்களே குறைத்து எடை போடாதீர்கள்.

நிபந்தனையை அரைகுறையாக எழுதினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். 1958ல் மீஸ் வான் டெர் ரோ தன் சீகிராம் கட்டடத்தைத் தெருவிலிருந்து உள்ளே தள்ளி வைத்து, முன்னால் கருங்கல் பாவிய முற்றம் விட்டார். மக்கள் அதன் விளிம்புத் திண்டுகளில் உட்கார்ந்தார்கள், மதியச் சாப்பாட்டைப் பிரித்தார்கள். அதைப் பார்த்து 1961ல் நகரம் ஒரு சலுகை அறிவித்தது: முற்றம் விடு, மேலே கூடுதல் தளம் வாங்கிக்கொள். அடர்த்தியான பகுதிகளில் ஒரு சதுர அடி முற்றத்துக்குப் பத்து சதுர அடி வரை கிடைத்தது. முற்றங்கள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. ஆனால் ‘முற்றம்’ என்று மட்டும் எழுதியிருந்ததால், உட்கார இடமில்லாத, நிழலில்லாத, காற்று சுழற்றி அடிக்கும் வெற்றுத் தரைகளும் கணக்கில் சேர்ந்தன. சிலவற்றில் வேலி போட்டார்கள், சிலவற்றில் உட்காரும் விளிம்பில் முள்போல் கம்பி வைத்தார்கள். மேலே வாங்கிய தளம் மட்டும் அப்படியே இருந்தது. பின்னால் இருக்கை, மரம், திறந்திருக்கும் நேரம் என்று விதிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியிருந்தது. லண்டனில் ஃபென்சர்ச் தெரு 20ஆம் எண் கோபுரத்துக்கு உச்சியில் பொதுத் தோட்டம் என்பது முக்கியமான வாக்குறுதி. தோட்டம் 2015ல் திறந்தது, கட்டணமும் இல்லை. ஆனால் முன்பதிவு, நேர வரம்பு, விமான நிலையம் போன்ற சோதனை. பூங்காவுக்குப் போவது போல நினைத்தபோது போக முடியாது. இலவசமாக ஏற முடிவதே பெரிது என்று சொல்வேன்; வாக்குறுதி கொடுத்த நாளில் இந்த வரிகளையும் எழுதி வாங்கியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றும் சொல்வேன்.

கடைசியாகப் பெயர்கள். 1932 செப்டம்பரில் ராக்கஃபெல்லர் மையத்தின் 69ஆம் மாடி உயரத்தில், ஒரு எஃகு உத்தரத்தில் பதினொரு தொழிலாளர்கள் கால்களைத் தொங்கவிட்டு மதியச் சாப்பாடு சாப்பிடும் புகைப்படம் ஒன்று எடுக்கப்பட்டது. கட்டடத்தின் விளம்பரத்துக்காக எடுத்த படம். வானளாவிய கட்டடங்களைப் பற்றி உலகில் அதிகம் பார்க்கப்பட்ட படம் அதுவாகத்தான் இருக்கும். அந்தப் பதினொரு பேரில் பெரும்பாலோர் யார் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. கட்டடத்தின் சொந்தக்காரர் பெயர் வாசலிலேயே இருக்கிறது.

அவர்கள் செய்த வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். எஃகு உத்தரங்களைப் பிணைக்கும் ஆணிதான் ரிவெட். அந்தக் காலத்து ரிவெட் குழுவில் நான்கு பேர். ஒருவர் சிறு உலையில் ரிவெட்டைச் சிவக்கக் காய்ச்சி, இடுக்கியால் எடுத்துக் காற்றில் எறிவார். பல அடி தள்ளி, குறுகிய பலகையில் நிற்கும் இன்னொருவர் அதை ஒரு தகர டப்பாவில் பிடித்து, சாம்பலைத் தட்டிவிட்டு, துளைக்குள் செருகுவார். மூன்றாமவர் ஒரு பக்கம் முட்டுக் கொடுக்க, நான்காமவர் மறுபக்கம் காற்றுச் சுத்தியலால் அடிப்பார். நாள் முழுக்க இப்படியே. ஒரு ரிவெட் தவறினால் கீழே தெருவில் நடப்பவர் தலை. கால் ஒரு அடி தவறினால் தொழிலாளியின் உயிர். கனடா எல்லைப் பக்கத்து மோஹாக் பழங்குடி ஆண்கள் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையில் இருந்தார்கள். வார்சா மாளிகையில் பதினாறு பேர் விபத்துகளில் இறந்தார்கள். துபாயில் புர்ஜ் கலீஃபாவைக் கட்டியவர்களில் பெரும்பகுதி தெற்காசியாவிலிருந்து போனவர்கள். 2006 மார்ச்சில் அந்தக் கட்டுமானத் தளத்தில் சுமார் 2,500 தொழிலாளர்கள் கூலியையும் நடத்தப்படும் விதத்தையும் எதிர்த்துக் கொந்தளித்தார்கள். திறப்பு விழா அன்று அந்தக் கட்டடத்துக்குப் பெயர் மாற்றம்கூட நடந்தது. அதுவரை புர்ஜ் துபாயாக இருந்தது, ஆட்சியாளர் ஒருவரின் பெயரால் கலீஃபா ஆனது. ஒரு பெயரைச் சேர்ப்பது அவ்வளவு எளிது என்றால், ஒரு சுவர் நிறையப் பெயர்களைச் சேர்ப்பதற்கு என்ன தடை?

ஈஃபல் கோபுரத்தின் முதல் தளத்துக்குக் கீழே நான்கு பக்கமும் 72 பெயர்கள் பொன் எழுத்தில் இருக்கின்றன. பிரெஞ்சு விஞ்ஞானிகளும் பொறியாளர்களும். ஈஃபல் 1880களிலேயே அதைச் செய்தார். உலோகத்தில் பெயர் பொறிப்பது தொழில்நுட்பச் சிக்கல் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். அந்தப் பட்டியலில் ரிவெட் அடித்தவர் எவரும் இல்லை, பெண் எவரும் இல்லை. இப்போது கட்டுமான நிறுவனங்களிடம் ஒவ்வொரு தொழிலாளியின் வருகைப் பதிவும் இருக்கிறது. பட்டியல் கையில் தயாராக இருக்கிறது. பல்லாயிரம் பேர் என்றாலும் பரவாயில்லை, இடம் கேட்காத ஒரு சுவர்தானே.

செலவு அதிகம், பாதுகாப்புச் சிக்கல் என்று சொல்வார்கள். செலவைப் பற்றி எம்பயர் ஸ்டேட்டின் முதல் வருடக் கணக்கே பதில் சொல்லும். பாதுகாப்பு உண்மையான கவலை. அதை நான் தள்ளிப் பேசவில்லை. ஆனால் தைபே 101ஐப் பாருங்கள். 508 மீட்டர் கட்டடம், நிலநடுக்கமும் சூறாவளியும் வரும் ஊர். ஆட்டத்தை அடக்க உள்ளே 660 டன் எஃகு உருண்டை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கட்டடத்தின் மிக முக்கியமான அந்த உறுப்பை மறைக்காமல், பார்வையாளர் சுற்றி வந்து பார்க்கும்படி வைத்தார்கள். சூறாவளி வரும்போது அது ஆடும் காணொளி ஊருக்கே பெருமை. அந்த உருண்டைக்குக் கண் காது வைத்துப் பொம்மை செய்துவிட்டார்கள். திறந்து காட்டியதால் பயம் குறைந்தது, பிரியம் வந்தது. பெட்ரோனாஸ் கோபுரங்களும் 41, 42ஆம் மாடிகளை இணைக்கும் பாலத்தில் பார்வையாளர்களை அனுமதிக்கின்றன. செய்ய முடியும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

நான் உயரத்துக்கு எதிரி இல்லை. சீனா 2021ல் செய்தது போல 500 மீட்டருக்கு மேல் கட்டவே கூடாது என்று தடை போடச் சொல்லவும் இல்லை. உயரமான ஒன்றை அண்ணாந்து பார்க்கும்போது மனசில் எழும் அந்தத் துள்ளல் எனக்கு மிகவும் வேண்டும், எல்லோருக்கும் வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் அடுத்த கூட்டத்தில் ‘நகரத்தின் அடையாளம்’ என்ற சொற்களோடு ஒரு கோப்பு வரும். அதைக் கொண்டுவருபவரிடம் இவற்றைக் கேளுங்கள். தரைத்தளத்தில் எத்தனை பேர் உட்காரலாம், எதுவும் வாங்காமல், இரவு எத்தனை மணி வரை? உச்சியில் பொதுமக்களுக்கான தளம் எது, வாரத்தில் எந்த நாள் கட்டணம் இல்லை, பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு? கட்டியவர்களின் பெயர்கள் எந்தச் சுவரில், எந்த உயரத்தில், வாசலிலிருந்து எத்தனை அடி தூரத்தில்? கட்டடம் கைமாறினால் புதிய உரிமையாளரையும் இவை கட்டுப்படுத்துமா? பதில்கள் எழுத்தில் வந்து, அனுமதி ஆணையின் உள்ளே நிபந்தனைகளாக ஏறும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

அன்புடன்,
ஒரு நகரவாசி